எட்டு வாரத்துக்குள் உருவாகும் இடுப்பு

(திற்பரப்பில் பொதுமக்கள் கூடிய அரங்கில் குழந்தைகள் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திற்பரப்புக்கு மக்கள் வருவது அருவியில் குளிக்கவும் மகாதேவரைக் கும்பிடவும்தான். அந்த ஊரில் சிறுநீர்ப்பையைப் பற்றிக் கேட்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கியிருக்கிறீர்கள். வீட்டுக்குள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் நாம் இந்த உறுப்பின் பெயரைச் சொல்கிறோம். பேசாமல் விடுவதால் அவதிப்படுவது குழந்தைகள். அதனால் இன்றைக்கு வெளிப்படையாகவே பேசுகிறேன்.

சில குழந்தைகள் பிறக்கும்போது தொப்புளுக்குக் கீழே வயிற்றுச் சுவர் மூடியிருக்காது. அந்த இடத்தில் சிறுநீர்ப்பை பிளந்து, அதன் உட்புறம் செக்கச்செவேல் என்று வெளியே தெரியும். இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் இறங்கிவரும் குழாய்களின் வாய்கள் கண்ணுக்கே தெரியும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். மருத்துவர்கள் இதை 'பிளாடர் எக்ஸ்ட்ரோபி' என்பார்கள். நான் திறந்த சிறுநீர்ப்பை என்றே சொல்லிப் போகிறேன். 30,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. பெண் குழந்தைகளைக் காட்டிலும் ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது.

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 18.7 லட்சம். ஆகவே நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் நாடு முழுவதும் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கின்றன. 50,000க்கு ஒன்று என்று குறைத்துப் போட்டாலும் 400 குழந்தைகள் ஆகிறது. ஒவ்வோர் ஊரிலும் அரிதாக இருப்பதே இதில் உள்ள ஆபத்து. பிரசவம் பார்க்கிற மருத்துவரும் செவிலியரும் தங்கள் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முதன்முதலாகப் பார்க்கிற அந்த நிமிடத்தில் எடுக்கிற முடிவு குழந்தையின் ஆயுள் முழுவதும் கூடவே வரும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இது சிறுநீர்ப்பையின் குறை மட்டும் அல்ல, இடுப்பெலும்பின் குறையும்கூட. இரண்டும் கருவில் ஒரே காலத்தில் கெடுகின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில்தான் முதல் அறுவை நடக்க வேண்டும்.

இதையெல்லாம் தமிழில் சொல்லிவிட முடியுமா என்று இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள் தயங்கினார்கள். நம் மாவட்டத்துக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் தமிழில் கொண்டுவந்த நூல்களில் சில 1870களில் நாகர்கோவிலில்தான் அச்சாயின. நம் பாட்டனார் காலத்திலேயே உடற்கூறு தமிழில் படிக்கக் கிடைத்தது.

இனிக் கருவுக்கு வருவோம். கரு முதலில் தட்டையானது. மூன்று படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு தகடு. நான்காவது வாரத்தில் அது மடங்கத் தொடங்குகிறது. வாட்டிய வாழையிலையில் சோற்றைப் பொதி கட்டுவோமே, அப்படி: இரண்டு ஓரங்களும், தலைமாடும், கால்மாடும் வளைந்து வந்து நடுவில் சேர்கின்றன. சேர்கிற இடம் தொப்புள். மேல்பகுதி நன்றாக மடிந்து, கீழ்ப்பகுதி ஓரங்கள் மட்டும் சேராமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். திறந்த சிறுநீர்ப்பை அதுதான்.

ஏன் சேராமல் நிற்கிறது? தொப்புள்கொடிக்குக் கீழே, கருவின் கால்மாட்டில், ஒரு சிறு சவ்வு இருக்கிறது. அந்த இடத்தில் வெளிப்படலமும் உட்படலமும் நேராக ஒட்டியிருக்கும், நடுப்படலம் இருக்காது. உடம்பில் தசையாகவும் எலும்பாகவும் ஆவது நடுப்படலம். ஆகவே அந்தச் சவ்வு வலுவில்லாத இடம். அதன் பின்னால் ஒரே ஓர் அறை. மலத்துக்கும் சிறுநீருக்கும் பொதுவான அந்த அறைக்குக் க்ளோயேக்கா என்று பெயர். கோழிக்கு ஆயுள் முழுவதும் அந்த ஓர் அறைதான். மனிதக் கருவில் நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில் ஒரு தடுப்பு உருவாகி அதை இரண்டாகப் பிரிக்கிறது. முன்னால் இருப்பதில் பெரும்பகுதி சிறுநீர்ப்பை ஆகிறது. பின்னால் இருப்பது மலக்குடல்.

தடுப்பு உருவாகிற அதே நாட்களில் இன்னொரு வேலையும் நடக்கிறது. இரண்டு பக்கங்களிலிருந்தும் நடுப்படலச் செல்கள் ஊர்ந்து வந்து, அந்தச் சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே புகுகின்றன. அடிவயிற்றுத் தசையும் இடுப்பின் முன்பக்க எலும்பும் அமைவது இந்தச் செல்களின் வரவால். அவை வர வர, சவ்வு சுருங்கிக் கீழே ஒதுங்குகிறது. செல்கள் வந்து சேராவிட்டால் சவ்வு அகலமாகவே தங்கிவிடும். பிறகு அது கிழியும்போது, பின்னால் இருக்கிற சிறுநீர்ப்பைக்கு முன்சுவரே இருக்காது. அறை இரண்டாகப் பிரிந்த பிறகு கிழிந்தால் சிறுநீர்ப்பை மட்டும் திறந்திருக்கும். பிரிவதற்கு முன்பே கிழிந்தால் குடலும் சேர்ந்து வெளியே தெரியும். அது 2 லட்சம் முதல் 4 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்கிற அளவுக்கு அரிது. மிகச் சிறிய அளவில் குறை நேர்ந்தால் சிறுநீர்ப்பை மூடியிருக்கும், சிறுநீர்த்தாரையின் மேல்பக்கம் மட்டும் பிளந்திருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1964இல் எட்வர்ட் மியூக்கி என்கிற அமெரிக்க மருத்துவர் கோழிக் கருவில் அந்தச் சவ்வு இருக்கும் இடத்தில் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்தார். நடுப்படலம் வந்து சேர முடியாமல் தடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதே நோக்கம். திறந்த சிறுநீர்ப்பைக்கு ஒப்பான குறையோடு குஞ்சுகள் உருவாயின. அறுபது ஆண்டுகள் கழிந்தும் பாடநூல்கள் இந்தச் சோதனையிலிருந்துதான் தொடங்குகின்றன. பிற்பாடு வேறு விளக்கங்களும் வந்தன. 1997இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர் பிரச்சினையின் வேர் எலும்பில் இருக்கிறது என்றார்கள். முன்னோக்கித் திரும்ப வேண்டிய இடுப்பெலும்பின் குருத்துகள் திரும்பாமல் நின்றுவிடுகின்றன, அவற்றோடு ஒட்டிய தசைகளும் நடுவுக்கு வந்து சேர முடியாமல் போகின்றன என்பது அவர்கள் வாதம். எலும்பு கெட்டதால் சுவர் மூடவில்லையா, சுவர் மூடாததால் எலும்பு விலகியதா என்ற விவாதம் முடிந்துவிடவில்லை. எப்படிப் பார்த்தாலும் இரண்டும் பிரிக்க முடியாதவை.

இடுப்பெலும்பு எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் வாளியைச் சுமந்து மேடு ஏறுகிற பெண்ணின் முழு எடையும் இறங்குவது இடுப்பு வளையத்தின் மேல்தான். பின்னால் முதுகெலும்பின் அடியில் உள்ள திரிகம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய எலும்புகள். ஒவ்வொரு பக்க எலும்பும் தொடக்கத்தில் மூன்று தனித்தனித் துண்டுகள்: மேலே ஐலியம், கீழே இஸ்கியம், முன்னால் பியூபிஸ். தொடையெலும்பின் தலை பொருந்துகிற குழியில் மூன்றும் சந்திக்கின்றன. ஆறாவது வாரத்தை ஒட்டி இவை குருத்தெலும்பாகத் தோன்றுகின்றன. இரண்டாம் மாத முடிவுக்கும் மூன்றாம் மாதத் தொடக்கத்துக்கும் இடையில் இரண்டு பக்கத்துப் பியூபிஸும் முன்னால் வந்து நெருங்கிச் சேர, வளையம் பூர்த்தியாகிறது. அதன்பிறகுதான் குருத்தெலும்பு சுண்ணாம்பேறி எலும்பாகிறது. முதலில் ஐலியம், நான்காம் மாதவாக்கில் இஸ்கியம், கடைசியில் பியூபிஸ். பிறக்கும் குழந்தையின் இடுப்பில் கணிசமான பகுதி இன்னும் குருத்தெலும்புதான். மூன்று துண்டுகளும் ஒரே எலும்பாக ஒட்டுவது வாலிபம் தொடங்கும் வயதில்.

திறந்த சிறுநீர்ப்பையோடு பிறந்த குழந்தைக்கு இந்த வளையம் முன்னால் பூர்த்தியாவதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பால் ஸ்பான்செல்லரும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட குழந்தைகளின் இடுப்பை சி.டி. ஸ்கேனில் அளந்து 1995இல் வெளியிட்டார்கள். இடுப்பெலும்பின் பின்பகுதி ஒவ்வொரு பக்கத்திலும் சராசரி 12 டிகிரியும் முன்பகுதி 18 டிகிரியும் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது. பியூபிஸ் எலும்பின் நீளம் இயல்பைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. ஆகவே எலும்பு விலகியிருப்பது மட்டுமல்ல, திரும்பியும் குட்டையாகவும் இருக்கிறது. இந்தக் குழந்தைகள் நடக்கத் தொடங்கும்போது பாதங்களை வெளிப்பக்கம் வைத்து அசைந்து நடப்பதைப் பார்க்கலாம். காரணம் இதுதான். பெரும்பாலானவர்கள் வளர வளர நன்றாக நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். நடக்க முடியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

நடைக்கும் மேலான விஷயம் வேறு. சிறுநீரைப் பிடித்துவைக்கும் தசைகளும், இடுப்பின் அடித்தளமாக நின்று உறுப்புகளைத் தாங்குகிற தசைகளும் அந்த எலும்பைப் பற்றியே இருக்கின்றன. எலும்பு விலகினால் அவையும் விரிந்து கிடக்கும். ஆண்குறியின் வேர்களும் அந்த எலும்பில்தான் பிடித்திருக்கின்றன. அதனால் குறி குட்டையாகத் தெரியும். எலும்பை அருகில் கொண்டுவராமல் தோலையும் தசையையும் மட்டும் இழுத்துத் தைத்தால், தையல் எந்நேரமும் இழுவையில் இருக்கும். சில நாட்களில் பிரிந்துவிடும். பழைய காலத்து அறுவைகளில் பலவற்றுக்கு அந்தக் கதிதான்.

அந்தக் காலத்து மருத்துவர்கள் எலும்பைத் தொடாமல் வேறு வழி தேடினார்கள். 1851இல் லண்டனில் ஜான் சைமன், சிறுநீரைச் சிறுநீர்ப்பையிலிருந்து திருப்பி மலக்குடலுக்கு அனுப்ப முயன்றார். அறுவைக்கு ஆளான சிறுவன் நீண்ட நாள் பிழைக்கவில்லை. பிற்காலத்தில் அதே முறை மேம்பட்டு, நூறு ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. சிறுநீரும் மலமும் கலந்த இடத்தில் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். எலும்பில் கைவைக்க வேண்டும் என்று முதலில் துணிந்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரீட்ரிக் ட்ரெண்டெலன்பர்க். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பின்பக்க மூட்டைத் தளர்த்தி, இடுப்பை முன்பக்கமாக நெருக்கிவிட்டு, பிறகு சிறுநீர்ப்பையை மூடினார். மயக்க மருந்தும் கிருமிநாசினியும் ஓரளவுக்கே இருந்த காலத்தில் அந்த மனிதருக்கு இந்தத் தெளிவு இருந்தது. அவருக்கு உரிய புகழ் இந்த விஷயத்தில் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

1942இல் ஹியூ ஹாம்ப்டன் யங், மூடிய சிறுநீர்ப்பை சிறுநீரைப் பிடித்துவைக்கும்படி செய்ததைப் பதிவுசெய்தார். 1970களில் ராபர்ட் ஜெஃப்ஸ் அறுவையைப் பல கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் சிறுநீர்ப்பையையும் வயிற்றையும் மூடுவது, பிறகு சிறுநீர்த்தாரை, நான்கைந்து வயதில் சிறுநீர்ப்பையின் கழுத்து. 1989இல் மைக்கேல் மிட்செல் எல்லாவற்றையும் ஒரே அறுவையில் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். எந்த முறை சிறந்தது என்று மருத்துவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எந்த முறைக்காரரும் ஒப்புக்கொள்கிற ஒன்று உண்டு: முதல் மூடல் வெற்றி பெற்ற குழந்தைக்குச் சிறுநீர்ப்பை வளர்ந்து பின்னால் சிறுநீரைப் பிடித்துவைக்கும் வாய்ப்பு அதிகம், முதல் தையல் பிரிந்த குழந்தைக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

முன்பெல்லாம் பிறந்த 72 மணி நேரத்துக்குள் மூடிவிட வேண்டும் என்பார்கள். தாயின் உடலில் சுரக்கும் ஹார்மோனின் தாக்கம் மிச்சமிருக்கும். அப்போது குழந்தையின் இடுப்பு எலும்பை வெட்டாமலேயே நெருக்க முடியும் என்பது காரணம். இப்போது பல மையங்களில் இரண்டு மூன்று மாதம் வரை பொறுத்திருந்து, எலும்பை முறையாக வெட்டித் திருப்பி, திட்டமிட்டு மூடுகிறார்கள். இதனால் பெற்றோருக்குக் கிடைப்பது அவகாசம். இரவோடு இரவாக யாரோ ஒருவரிடம் கத்தியைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குழந்தையின் உயிருக்கு உடனடி ஆபத்து கிடையாது. பால் குடிக்கும், எடை கூடும். நல்ல இடத்தைத் தேடிப் போக நேரம் இருக்கிறது.

அகமதாபாத் சிவில் மருத்துவமனையில் நடப்பதைச் சொல்கிறேன். 2009இல் தொடங்கி அங்கே இந்திய மருத்துவர்களும் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளிலிருந்து வரும் மருத்துவர்களும் ஒன்றுகூடி, இந்த ஒரே குறையுள்ள குழந்தைகளுக்கு வரிசையாக அறுவை செய்கிறார்கள். அரசு மருத்துவமனையில், ஏழைக் குழந்தைகளுக்கு. சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவரும் எலும்பு அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். முந்தைய ஆண்டுகளில் அறுவை செய்த குழந்தைகளைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கிறார்கள். அரிய நோய்க்கு இதுதான் சரியான வழி. ஆண்டுக்கு ஒன்று செய்கிற பத்து இடங்களைவிட, பத்து செய்கிற ஓர் இடம் மேல். தமிழ்நாட்டில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைகள் அறுவைக்குத் தனித் துறைகள் இருக்கின்றன. அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எலும்பு மருத்துவரும் உடன் நிற்பாரா?

இந்த மாவட்டத்தில் எலும்பு என்றால் வர்ம ஆசானிடம் போவது வழக்கம். முறிவிலும் சுளுக்கிலும் அவர்களுடைய கைத்திறனை நான் மதிக்கிறேன். இந்த எலும்பு முறிந்ததல்ல. கருவிலேயே சேராமல் நின்றது. தைலமும் கட்டும் இதைச் சேர்க்காது.

குழந்தை பிறந்ததும் செய்ய வேண்டியது எளிது. தொப்புள்கொடிக்கு பிளாஸ்டிக் கிளிப் போடக் கூடாது. அது மெல்லிய பையின் மேல் உரசிப் புண்ணாக்கும். நூலால் கட்ட வேண்டும். திறந்த இடத்தை உப்புநீரால் ஈரப்படுத்தி, சமையலறையில் உணவை மூட வைத்திருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடினால் போதும். பஞ்சும் துணியும் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது சதையைப் பிய்க்கும். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

இனி ரப்பரைப் பற்றி. இந்த ஊரில் இதைச் சொல்லாமல் போக முடியாது. விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சிரட்டையில் விழுகிற அந்தப் பால் உலகம் முழுவதும் மருத்துவமனைக் கையுறையாகவும் சிறுநீர்க் குழாயாகவும் போகிறது. அந்தக் கையுறைகள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் ரப்பர் பாலில் உள்ள சில புரதங்கள், திறந்த சிறுநீர்ப்பையோடு பிறந்த குழந்தைகளுக்கும் தண்டுவடம் மூடாமல் பிறந்த குழந்தைகளுக்கும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. 1980களின் இறுதியிலிருந்து இது பதிவாகி வருகிறது. பிறந்த நாள் முதல் திரும்பத் திரும்ப அறுவை, திரும்பத் திரும்பக் குழாய். ஒவ்வொரு முறையும் அந்தப் புரதம் உடலுக்குள் போகிறது. ஒரு நாள் அறுவை மேசையில், மயக்கத்தில் இருக்கும்போது, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடலாம். அதனால் முதல் நாளிலிருந்தே இவர்களுக்கு ரப்பர் படக் கூடாது என்பது விதி. சிலிக்கோன் குழாய், ரப்பர் இல்லாத கையுறை.

சிலிக்கோன் குழாய் விலை கூடுதல் என்று சொல்லி ரப்பர் குழாயையே கொடுத்தனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது தவறு. அரசு கொள்முதலில் இந்தக் குழந்தைகளுக்கென்று சிலிக்கோன் குழாய் தனியாக இடம்பெற வேண்டும். அதைக் கேட்க ரப்பர் விளையும் இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்த ஒவ்வாமை வந்தவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாமல் போகும். இரண்டிலும் ஒரே சாயலுள்ள புரதங்கள் இருக்கின்றன. மட்டிப்பழம் தின்னும் பிள்ளைக்கு வாயில் அரிப்போ உதட்டில் வீக்கமோ வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இப்படிக் குழந்தை பெற்ற தாயை ஊர் கேட்கும் கேள்விகள் எனக்குத் தெரியும். கிரகணத்தன்று வெளியே போனாயா, எதையாவது வெட்டினாயா, எந்தப் பாவத்தின் பலன் இது? நான் மேலே சொன்ன குறை நேர்வது பெரும்பாலும் கருவின் எட்டாவது வாரத்துக்குள். கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்கப் போகிற நாளில் அந்தக் குழந்தையின் இடுப்பு பெரும்பாலும் ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கும். திறந்த சிறுநீர்ப்பைக்கு இன்னதுதான் காரணம் என்று தாயின் உணவையோ உழைப்பையோ சுட்டிக்காட்ட எந்த ஆய்வும் இல்லை. மரபணுக்களின் பங்கு கொஞ்சம் உண்டு. ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவு. அந்தத் தாயிடம் விசாரணை நடத்துகிற உறவினர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கேனில் தெரியுமா என்றால், தெரியும். கருவின் சிறுநீர்ப்பை 12, 13ஆம் வாரத்திலேயே தெரியத் தொடங்கும், நிறையும், காலியாகும். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கிற ஸ்கேனில் பனிக்குட நீர் சரியாக இருந்தும் சிறுநீர்ப்பை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் தெரியவில்லை, தொப்புள்கொடி வழக்கத்தைவிடத் தாழ்வாக இறங்கியிருக்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் பிரசவத்தை எங்கே வைப்பது என்று திட்டமிடலாம்.

இதைக் காட்டிலும் அடிக்கடி வருகிற குறை ஒன்று உண்டு: ஆண் குழந்தைகளின் சிறுநீர்த்தாரைக்குள் சவ்வு அடைப்பு. 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று. வெளியே எதுவும் தெரியாது. சிறுநீரகங்கள் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டு ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது கவனியுங்கள். வளைந்து தாரையாகப் போக வேண்டும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் அன்றைக்கே காட்டுங்கள். உள்நோக்குக் கருவியால் அந்தச் சவ்வை நீக்கிவிடலாம்.

இதுவரை சொன்னது இடுப்பின் முன்பக்கத்துக் கதை. அதை நம்மால் தடுக்க முடியாது. பின்பக்கத்துக் கதை வேறு. திரிகம் உருவாகாமல் போவதும் தண்டுவடம் மூடாமல் போவதும் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளைக் கெடுத்துவிடும். பை முழுதாக இருக்கும். நிறைந்ததும் தெரியாது, காலி செய்யவும் முடியாது. திரிகம் உருவாகாமல் போவதற்கு, கருவுறும் காலத்தில் தாய்க்குக் கட்டுப்படாத சர்க்கரை நோய் இருப்பது நன்றாகத் தெரிந்த காரணம். சர்க்கரை உள்ள பெண்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கருத்தரிக்க வேண்டும். தண்டுவடம் மூடுவது கருவின் 28ஆம் நாளுக்குள்; அதற்குத் துணை ஃபோலிக் அமிலம், நாளுக்கு 400 மைக்ரோகிராம். கர்ப்பம் உறுதியான பிறகு மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் அந்த 28 நாள் கடந்திருக்கும். திருமணமான பெண்களுக்கு, குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த மாதத்திலிருந்தே அது கிடைக்க வேண்டும். மாத்திரையின் விலை அற்பம். இதில் நாம் இன்னும் பின்தங்கியிருப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

மிகக் கடினமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடலும் சிறுநீர்ப்பையும் சேர்ந்து திறந்து பிறந்த ஆண் குழந்தைகளை, ஆண்குறி மிகச் சிறிதாக இருக்கிறது என்று பெண்ணாக மாற்றி வளர்க்கும் வழக்கம் மேலை நாடுகளில் பல ஆண்டுகள் இருந்தது. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அப்படிப் பெண்ணாக்கப்பட்ட 14 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தது; 8 பேர் தாங்கள் ஆண் என்றே அறிவித்தார்கள். அந்த முடிவை எடுத்த மருத்துவர்கள் கெட்டவர்கள் அல்ல. குழந்தையைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தைத் தீர்மானிக்கும் அறுவை செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்து அரசாணை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. இந்தியாவில் முதலில் இதைச் செய்தது நம் மாநிலம். நான் பெருமைப்படுகிற அரசாணைகளில் இது ஒன்று.

அறுவை முடிந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்? சிலர் இயல்பாகவே சிறுநீர் கழிப்பார்கள். பலருக்கு நாளில் சில முறை குழாய் செலுத்தி வெளியேற்ற வேண்டியிருக்கும். 1972இல் ஜாக் லேப்பிடிஸ், இதற்குக் கிருமி நீக்கிய அறையெல்லாம் வேண்டாம், கையைச் சுத்தமாகக் கழுவினால் போதும் என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் இந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போக முடிந்தது. 1980இல் பிரான்சின் பால் மிட்ரோஃபனாஃப், குடல்வாலையே பாதையாக்கித் தொப்புள் வழியாகவோ அடிவயிறு வழியாகவோ குழாய் விட வழிசெய்தார். பெண்கள் கருத்தரித்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பிரசவம் பெரும்பாலும் அறுவை மூலம். ஆண்கள் மணம் முடித்துத் தகப்பன்மார்கள் ஆகியிருக்கிறார்கள், சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்படலாம். ஒரு பிள்ளை பள்ளியில் நாளுக்கு மூன்று முறை குழாய் விட வேண்டும் என்றால், அதற்குத் தேவை தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை, தண்ணீர், சோப்பு, காரணம் கேட்டு வகுப்பு முன்னால் நிறுத்தாத ஓர் ஆசிரியர். அவ்வளவுதான். இது இல்லாததால் படிப்பை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்து உயர் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் எங்கே போவது என்று வழி சொல்வார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ உறவிலோ இப்படிப் பிறந்து, அறுவையே நடக்காமல், துணியைக் கட்டி மறைத்து வளர்க்கப்படும் பிள்ளையோ பெரியவரோ இருக்கலாம். வயதாகிவிட்டது, இனி என்ன செய்ய என்று விட்டுவிடாதீர்கள். மூடாமல் கிடக்கும் சிறுநீர்ப்பையில் நாளடைவில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு, சிறுநீரகங்களும் கெடலாம். பத்து வயதிலும் முப்பது வயதிலும் செய்யக்கூடிய சிகிச்சைகள் இருக்கின்றன. அவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஒரு முறை அழைத்துப் போங்கள். பேருந்தில் கூடவே உட்கார்ந்து போக ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.